சுத்தியல் ஆபீஸ்ல இருக்கு, சார்!

வெள்ளிக்கிழமை ராத்திரி ஆம்னி பஸ்ஸில் ஏறியதும் சராசரி ஆபீஸ் ஆசாமி எதையெல்லாம் பரிசோதிக்கிறான்?

சார்ஜர் பாயின்ட் வேலை செய்கிறதா? ஏ.ஸி. நேராக நெற்றிப்பொட்டில் ஊதுகிறதா? கம்பளியைத் துவைத்தது இந்த வருஷமா, போன வருஷமா? (மோந்து பார்த்தால் தெரியும். மோந்து பார்க்காமல் இருப்பது உத்தமம்.) தண்ணீர் பாட்டில் மூடி ஏற்கெனவே திறக்கப்பட்டதா? பக்கத்து பெர்த்தில் இருப்பவர் குறட்டை ஜாதியா, ராத்திரி பூரா போனில் கிசுகிசுக்கிற ஜாதியா?

இவ்வளவும் திருப்தி என்றால் திரையை இழுத்து விட்டுக்கொண்டு படுத்துவிடலாம். விடிந்தால் மாட்டுத்தாவணி.

நான் கூடுதலாக ஒரு பொருளைத் தேடுவது வழக்கம். சுத்தியல். ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு கொக்கியில் மாட்டியிருக்க வேண்டும். சின்னதாக, கூர் மூக்கோடு, சிவப்பாக இருக்கும். சமீபத்தில் கிளாம்பாக்கத்தில் நான் ஏறிய ஸ்லீப்பர் பஸ்ஸில் கொக்கி இருந்தது, சுத்தியல் இல்லை. அடுத்த ஜன்னலுக்குப் போனேன். அங்கேயும் கொக்கி மட்டும். நாலு ஜன்னல், நாலு கொக்கி. கிளீனர் தம்பியைக் கூப்பிட்டேன்.

"தம்பி, சுத்தியல் எங்கேப்பா?"

"எதுக்கு சார்? ஆணி எதுனா நீட்டிக்கிட்டு இருக்கா?"

"ஆணி இல்லை. கண்ணாடி உடைக்கிற சுத்தியல்."

என்னை ஏற இறங்கப் பார்த்தான். "கண்ணாடியை எதுக்கு சார் உடைக்கிறீங்க? ஏ.ஸி. நல்லாத்தானே ஓடுது?"

விளக்கினேன். முகம் மலர்ந்தது. "ஓ, அதுவா! அது ஆபீஸ்ல இருக்கு சார். பத்திரமா."

"ஆபீஸ்லயா?"

"இங்க மாட்டினா பாசஞ்சருங்க எடுத்துட்டுப் போயிடறாங்க சார். மூணு வாட்டி வாங்கி மாட்டியாச்சு. இப்பல்லாம் எஃப்.சி.க்குப் போறப்ப மட்டும் எடுத்துட்டுப் போய் மாட்டிட்டு, திரும்பக் கழட்டி வெச்சிருவோம்."

பையன் பொய் சொல்லவில்லை. அதுதான் விசேஷம். கம்பளியையே மடித்துப் பையில் வைக்கிற ஜனங்கள் சுத்தியலை விடுவார்களா? (அதை வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்கிறார்கள் என்பதுதான் புரியவில்லை. தேங்காய் உடைக்கக்கூட லாயக்கில்லாத சைஸ்.) ஆனால் யோசித்துப் பாருங்கள். பஸ் ரோட்டில் ஓடும்போது சுத்தியல் ஆபீஸில் இருக்கிறது. ஆபீஸில் தீப்பிடித்தால் உடைத்துக்கொண்டு தப்பிக்கலாம்.

*

சுத்தியல் எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பஸ்ஸின் பக்கவாட்டு ஜன்னல் கண்ணாடி, சூடேற்றிச் சட்டென்று குளிர வைத்துப் பலப்படுத்தப்பட்ட 'டெம்பர்டு' கண்ணாடி. நடுவில் எவ்வளவு ஓங்கிக் குத்தினாலும் கை வலிக்குமே தவிர ஒன்றும் ஆகாது. ஓரத்தில், மூலைக்குப் பக்கத்தில், கூரான எதையாவது வைத்து ஒரு போடு போட்டால் மொத்தமும் கல்கண்டு மாதிரி பொலபொலவென்று உதிர்ந்துவிடும். டிரைவருக்கு முன்னால் இருக்கிற பெரிய கண்ணாடி வேறு ஜாதி. இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் ஒட்டியது. அடித்தால் சிலந்திவலை மாதிரி விரியுமே ஒழிய விழாது. அவசரத்தில் நாலு பேர் சேர்ந்து முன் கண்ணாடியைக் குத்திக்கொண்டிருந்தால் நேரம்தான் வீண்.

நேரம்தான் இங்கே முக்கியம். 2025 அக்டோபர் 24, விடியற்காலை. ஹைதராபாத்திலிருந்து பெங்களூருக்குப் போய்க்கொண்டிருந்த ஸ்லீப்பர் பஸ். கர்னூல் பக்கத்தில் ரோட்டில் கிடந்த ஒரு மோட்டார் பைக் பஸ்ஸுக்கு அடியில் சிக்கி, கொஞ்ச தூரம் இழுபட்டு, தீப்பொறி பறந்து, பெட்ரோல் பற்றிக்கொண்டது. பயணிகள் தூக்கத்தில். கதவு திறக்கவில்லை. ஜன்னலை உடைத்துக்கொண்டு குதித்தவர்கள் பிழைத்தார்கள். 19 பயணிகள் வெளியே வரவே இல்லை. அதற்குப் பத்து நாள் முன்னால், அக்டோபர் 14-ல், ராஜஸ்தானில் ஜெய்சால்மர் அருகே இன்னொரு பஸ். 20 பேருக்கு மேல் பலி. இன்னும் பின்னால் போனால், 2013 அக்டோபர் 30-ல் பெங்களூரிலிருந்து ஹைதராபாத் போன சொகுசு பஸ் பாலெம் என்ற ஊரில் சிறு பாலத்தின் சுவரில் மோதி, டீசல் டாங்க் கிழிந்து எரிந்தது. 45 பேர்.

பன்னிரண்டு வருஷத்தில் பஸ்ஸில் எத்தனையோ வந்துவிட்டது. வைஃபை வந்தது. தலைக்கு மேலே நீலக்கலர் லைட் வந்தது. தீப்பிடித்தால் வெளியே வருகிற விஷயத்தில் மட்டும், கையால் கண்ணாடியைக் குத்துகிற பழைய டெக்னிக்கே நீடிக்கிறது.

சட்டத்தில் ஓட்டை என்று சொல்லலாம் என்றால் அதுவும் இல்லை. இருக்கிற விதிகளைப் படித்தால் அசந்து போவீர்கள். பஸ் பாடிக்கு என்றே ஏ.ஐ.எஸ். 052 என்று ஒரு விதித்தொகுப்பு இருக்கிறது. ஸ்லீப்பருக்குத் தனியாக ஏ.ஐ.எஸ். 119. 12 மீட்டர் வரை நீளமுள்ள ஸ்லீப்பர் என்றால் குறைந்தது 4 அவசர வழிகள் வேண்டும். சீட் துணி, ரெக்ஸின் இதெல்லாம் பற்றினாலும் தீ நிமிஷத்துக்கு 100 மில்லிமீட்டருக்கு மேல் பரவக் கூடாது. அதாவது நிமிஷத்துக்கு அரைச் சாண். பஸ் கவிழ்ந்தால் கூரை நசுங்கக் கூடாது என்பதற்காக, 800 மில்லிமீட்டர் உயர மேடையிலிருந்து ஒரு பஸ்ஸை நிஜமாகவே உருட்டித் தள்ளிப் பார்க்கிற சோதனைகூட இருக்கிறது. உள்ளே ஆள் உட்காரும் இடம் அப்படியே இருக்க வேண்டும். இதையெல்லாம் எழுதியவர்கள் நிச்சயம் புத்திசாலிகள். ஒரே ஒரு குறை. அவர்கள் எழுதிய பஸ்ஸில் நாம் போவதில்லை.

*

எஃப்.சி. என்றால் ஃபிட்னஸ் சர்டிபிகேட், தகுதிச் சான்று. பயணிகளை ஏற்றுகிற வண்டிக்கு அது இல்லாவிட்டால், 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி அந்த வண்டி பதிவு செய்யாத வண்டிக்குச் சமம். புது வண்டிக்கு 2 வருஷம். அப்புறம் 8 வயசு ஆகிற வரைக்கும் 2 வருஷத்துக்கு ஒரு தரம். 8 தாண்டினால் வருஷா வருஷம்.

எஃப்.சி. நெருங்கும் பஸ்ஸைப் பார்த்திருக்கிறீர்களா? பெண் பார்க்க வருகிறார்கள் என்று தகவல் வந்த வீடு மாதிரி ஆகிவிடும். பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து, நெற்றியில் புதுசாக ஊர் பெயர் எழுதி... வருஷம் பூரா வேலை செய்யாத வைப்பர் அன்று அப்படியும் இப்படியும் ஆடும். முதலுதவிப் பெட்டியில் பஞ்சு, டிஞ்சர், கத்தரிக்கோல் எல்லாம் ஆஜர். தீயணைப்பு சிலிண்டர் பளபளவென்று டிரைவர் பக்கத்தில் நிற்கும். காதைக் கிழிக்கிற ஏர் ஹாரன் போய், அடக்கமாக ஒரு 'பீப்' வந்திருக்கும். மண்ணில் புரண்டு விளையாடும் பையனுக்குப் போட்டோ எடுக்க பவுடர் போட்டு உட்கார வைத்த மாதிரி!

எங்கள் ஏரியா மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். முப்பது வருஷம் பஸ்ஸுக்கு அடியிலேயே வாழ்ந்தவர். அவரிடம் கேட்டேன்.

"ஏண்ணே, டயர்கூட மாத்துவாங்களாமே?"

"மாத்துறதாவது! இரவல் வாங்குவாங்க தம்பி. இந்த வண்டி டயர் அந்த வண்டிக்கு, அந்த வண்டி டயர் இந்த வண்டிக்கு. கல்யாணத்துக்கு நகை இரவல் வாங்குற மாதிரிதான். எஃப்.சி. முடிஞ்சா அவங்கவங்க டயர் அவங்கவங்களுக்கு."

"பிரேக் இன்ஸ்பெக்டர் கண்டுபிடிக்க மாட்டாரா?"

"அவர் என்ன பண்ணுவாரு? அவர் முன்னாடி நிக்கிற வண்டியில நல்ல டயர்தான் இருக்கு!"

பாயின்ட்! பி.காம். படித்தவனுக்கு இது ஒன்றும் புதுசில்லை. எங்கள் அகராதியில் இதற்கு 'விண்டோ டிரஸ்ஸிங்' என்று பெயர். மார்ச் 31 ராத்திரி பார்த்தால் கம்பெனியின் வங்கிக் கணக்கு நிரம்பி வழியும். ஏப்ரல் 2 வந்து பார்த்தால் துடைத்து விட்ட மாதிரி இருக்கும். ஆடிட்டர் பார்த்தது மார்ச் 31. அவர் கையெழுத்துப் போட்டதும் மார்ச் 31-க்கு. அன்று எல்லாம் நிஜம்தான். எஃப்.சி. சான்றும் அப்படித்தான். அந்தத் தேதியில், அந்த மைதானத்தில், அந்த பஸ் நன்றாக இருந்தது என்பதற்கு அது அத்தாட்சி. நீங்களும் நானும் ஏறுவது வேறு தேதியில்.

பேலன்ஸ் ஷீட்டில் இப்படிச் செய்தால் பணம் போகும். பஸ்ஸில் செய்தால் என்ன ஆகும் என்பதற்குத் தாம்பரம் பக்கத்து மக்களைக் கேட்டால் சொல்வார்கள். 2012 ஜூலை 25. பள்ளிக்கூட பஸ். தரையில் ஒரு ஓட்டை. ஆறு வயதுக் குழந்தை அந்த ஓட்டை வழியாக விழுந்து, பின் சக்கரத்தில் சிக்கி இறந்து போனது. அந்த பஸ்ஸுக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் எஃப்.சி. ஆகியிருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது. அந்த வருஷமே பள்ளி பஸ்களுக்கென்று தமிழகத்தில் தனி விதிகள் வந்தன. இன்று உங்கள் குழந்தையின் ஸ்கூல் பஸ்ஸில் உதவியாளர், அவசர வழி, கோடை விடுமுறையில் மைதானத்தில் வரிசையாக நிறுத்திப் பரிசோதனை என்றெல்லாம் இருக்கிறதே, அதற்குக் கொடுத்த விலை அது.

ஸ்கூல் பஸ்ஸுக்கு விதி வந்தது. மற்ற பஸ்ஸின் தரை? 2024 பிப்ரவரியில் சென்னை அமைந்தகரையில் ஓடிக்கொண்டிருந்த மாநகர பஸ்ஸின் பலகை உடைந்து ஒரு பெண் பயணி கீழே விழுந்தார். மற்றவர்கள் கூச்சல் போட்டு நிறுத்தியதால் பிழைத்தார். அதே வருஷம் ஏப்ரலில் திருச்சியில் அரசு பஸ் ஒரு வளைவில் திரும்பியது. கண்டக்டர் சீட்டோடு சேர்ந்து ரோட்டில் வந்து விழுந்தார். நல்லவேளை, பின்னால் வண்டி வரவில்லை. தமிழகத்தின் அத்தனை அரசு பஸ்களையும் 48 மணி நேரத்தில் பரிசோதிக்க உத்தரவு போனது. சுமார் 20 ஆயிரம் பஸ்! நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ராத்திரி பகலாகப் பார்த்தாலும் மணிக்கு 416 பஸ். போல்ட்டை எண்ணியிருப்பார்களா, பஸ்ஸை எண்ணியிருப்பார்களா?

*

இப்போது கரூருக்குப் போகலாம். ஏன் கரூர் என்றால், பஸ் இரண்டு முறை பிறக்கிறது. முதல் பிறப்பு எண்ணூர், ஓசூர் மாதிரி இடத்தில், பெரிய தொழிற்சாலையில். அங்கே பிறப்பது சேஸிஸ் மட்டும். எலும்புக்கூடு. இன்ஜின், சக்கரம், ஸ்டியரிங், அவ்வளவுதான். நெடுஞ்சாலையில் அதைப் பார்த்திருப்பீர்கள். கூரை கிடையாது, கதவு கிடையாது, முன் கண்ணாடி கிடையாது. நடுவெயிலில் ஒரு மனிதர் தலைக்குத் துண்டைக் கட்டிக்கொண்டு, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, அந்தரத்தில் உட்கார்ந்து ஓட்டிப் போவார். ரதம் ஓட்டுகிற அர்ஜுனனின் சாரதி மாதிரி ஒரு கம்பீரம். மழை வந்தால் அந்தக் கம்பீரம் போய்விடும்.

அவர் போய்ச் சேருகிற இடம் பெரும்பாலும் கரூர். பஸ் பாடி கட்டுவதில் அந்த ஊருக்கு இந்தியா முழுக்கப் பேர். பல மாநிலத்துக்காரர்கள் வண்டி கட்ட அங்கே வந்து காத்திருக்கிறார்கள். இரும்புக் குழாயை வளைத்து, பற்றவைத்து, தகடு அடித்து, சீட் போட்டு, எலும்புக்கூட்டுக்குச் சதையும் சட்டையும் போட்டு அனுப்புகிறார்கள். கைத்திறமை பார்த்தால் கும்பிடத் தோன்றும். விதித்தொகுப்புப்படி அங்கீகாரம் வாங்கியவர்கள்தான் கட்ட வேண்டும். சரியாகக் கட்டுபவர்கள் நிறையவே இருக்கிறார்கள்.

பிரச்னை மூன்றாவது பிறப்பில்! வண்டி பதிவாகி, எஃப்.சி. வாங்கி, சொந்த ஊருக்குப் போன பிறகு ஏதோ ஒரு ஷெட்டில் ராத்திரியோடு ராத்திரியாக நடக்கிற பிரசவம் அது. முதலாளி பஸ்ஸைச் சுற்றிப் பார்க்கிறார். பின்பக்கம் ஒரு அவசர வழி. அதற்கு முன்னால் காலி இடம். சும்மா கிடக்கிறது. அவர் கண்ணுக்கு அது காலி இடமாகத் தெரிவதில்லை. இந்தக் கணக்கை நானே போட்டுக் காட்டுகிறேன், என் படிப்புக்கும் ஒரு மரியாதை வேண்டாமா? ஒரு பெர்த்துக்கு ராத்திரிக்கு 1,000 ரூபாய் என்று வையுங்கள். மாதம் 25 ராத்திரி. 25 ஆயிரம். வருஷத்துக்கு 3 லட்சம். அவசர வழியை மறித்து ஒரே ஒரு பெர்த் போட்டால் 3 லட்சம் வருகிறது. மறிக்காமல் விட்டால் என்ன வருகிறது? ஒன்றும் வருவதில்லை. பத்து வருஷம் ஓடினாலும் அந்தக் கதவை ஒருத்தரும் திறக்கப்போவதில்லை, பெரும்பாலும். அந்த 'பெரும்பாலும்' என்கிற வார்த்தையை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் எந்தப் பக்கம் எழுதுவது என்று எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

பெர்த்தோடு நிற்பதில்லை. ஆளுக்கொரு சார்ஜர் பாயின்ட், ஆளுக்கொரு லைட், டி.வி., இன்வெர்ட்டர்... கம்பெனிக்காரன் இவ்வளவுதான் கரன்ட் போகும் என்று திட்டம் போட்டு வைத்த வயரில், அப்புறம் வந்த எலெக்ட்ரீஷியன் இன்னும் நாலு வயரை முறுக்கி, டேப் சுற்றி விடுகிறார். ஃபியூஸ் அடிக்கடி போகிறதா? இன்னும் கொஞ்சம் தடிமனாகப் போடு! மேலே பிளைவுட், ஃபோம், நைலான் திரை. நிமிஷத்துக்கு அரைச் சாண் விதி இங்கே செல்லாது. விதியைப் படித்துப் பார்த்துவிட்டா பற்றிக்கொள்ளும் தீ?

36 பெர்த், ஒரு வாசல் என்று வைத்துக்கொண்டு இன்னொரு கணக்கு. மேல் பெர்த்திலிருந்து இறங்கி, ஒருத்தர் மட்டுமே போகக்கூடிய நடைபாதையில் நடந்து, கதவைத் தாண்ட ஆளுக்கு 4 விநாடி. யாரும் தள்ளாமல், விழாமல், "என் பை... என் பை..." என்று திரும்பாமல், ரேஷன் கடை வரிசை மாதிரி ஒழுங்காகப் போனால் மொத்தம் 144 விநாடி. இது வெளிச்சத்தில். புகையில், இருட்டில், அரைத் தூக்கத்தில் எவ்வளவு ஆகும் என்பதை உங்கள் கற்பனைக்கு விட்டுவிடுகிறேன். ரேஷன் கடை வரிசை ஒழுங்காகப் போகுமா என்பதையும்.

*

முதலாளியை மட்டும் திட்டிவிட்டுப் போனால் மெக்கானிக் அண்ணன் கோபித்துக்கொள்வார். "பாசஞ்சர் மட்டும் யோக்கியமா தம்பி?" என்று கேட்டுவிட்டு அவர் சொன்னது ஸ்பீடு கவர்னர் விவகாரம்.

பஸ் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகாமல் தடுக்கிற கருவி. சட்டப்படி கட்டாயம். எஃப்.சி. அன்று சீல் வைத்து ஜம்மென்று இருக்கும். அப்புறம் சில வண்டிகளில் அதன் ஒயர் தனியாகத் தொங்கும். ஏன் தொங்குகிறது? டிக்கெட் பதிவு செய்கிற ஆப்பில் நாம் எழுதுகிற விமர்சனங்களைப் படியுங்கள். 'டிரைவர் ரொம்ப ஸ்லோ. அரை மணி லேட். 2 ஸ்டார்.' 'சூப்பர் டிரைவர், ஏரோப்ளேன் மாதிரி பறந்தார். 5 ஸ்டார்!' 'அவசர வழிக்கு முன்னால் பெர்த் போட்டிருக்கிறார்கள், 1 ஸ்டார்' என்று இதுவரை ஒருத்தர் எழுதி நான் பார்த்ததில்லை. நாம் கேட்பதைத்தானே கடைக்காரன் விற்பான்?

80 என்பது ஏதோ அரசாங்கத்துக்கு ஜாதகத்தில் வந்த நம்பர் இல்லை. மணிக்கு 80 என்றால் விநாடிக்கு 22 மீட்டர். முன்னால் எதையோ பார்த்து, மூளைக்கு உறைத்து, கால் பிரேக்குக்குப் போவதற்கு ஒரு விநாடி ஆகிறது என்றால் அதற்குள் பஸ் தன் நீளத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம் போயிருக்கும். பிரேக் பிடிக்க ஆரம்பிப்பதே அப்புறம்தான். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் அடக்க வேண்டிய சக்தி நாலு மடங்கு. அந்தச் சக்தி முழுக்கச் சூடாக மாறி பிரேக் டிரம்மில் இறங்குகிறது. மலைப்பாதையில் கியரைக் குறைக்காமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் டிரம் பழுத்து, பிடிமானம் போய்விடும்.

மறுநாள் பேப்பரில் 'பிரேக் பிடிக்காததால் கட்டுப்பாட்டை இழந்த பஸ்' என்று வரும். பிரேக் அன்று ராத்திரி திடீரென்று கோபித்துக்கொண்டு போனது போல. "பிரேக் ஒரே நாள்ல போகாது தம்பி" என்கிறார் அண்ணன். "லைனிங் தேயும், காத்து கசியும், மிதிச்சா ஆழமாப் போகும். பத்து நாளா அது சொல்லிக்கிட்டேதான் இருக்கும். டிரைவரும் டிப்போவுல சொல்லியிருப்பாரு. 'இன்னிக்கு ஒரு டிரிப் அடிச்சுட்டு வந்துடு, நாளைக்குப் பாத்துக்கலாம்'னு பதில் வந்திருக்கும்."

டயருக்கும் ஒரு விதி இருக்கிறது. பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. மழைத் தண்ணீரை வெளியே தள்ளுவது அந்தப் பள்ளம்தான். அது இல்லாவிட்டால் பஸ் தண்ணீர் மேலேயே வழுக்கிக்கொண்டு போகும். இதற்கு அளவுகோல் வேண்டாம். கீழே நின்று டீ குடிக்கும்போது முன்சக்கரத்தை ஒரு பார்வை பார்த்தால் போதும். பள்ளத்துக்குள்ளே குறுக்கே சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. பின்னால் ரீட்ரெட் போடுவது தொழிலில் சகஜம். முன்னால் மொட்டை என்றால் டீயை மெதுவாகக் குடியுங்கள். அடுத்த பஸ் வரட்டும்.

*

எஃப்.சி. அன்று பார்ப்பதற்கு பிரேக் இன்ஸ்பெக்டர் இருக்கிறார். மற்ற ராத்திரிகளில் பஸ்ஸுக்குள் இருக்கிற ஒரே இன்ஸ்பெக்டர் டிக்கெட் வாங்கியவர்தான். சம்பளம் கிடையாது. நான் செய்வது ரொம்பச் சின்ன வேலைகள். படுப்பதற்கு முன்னால், என் பெர்த்திலிருந்து அவசர வழி வரைக்கும் எத்தனை பெர்த் என்று கையால் தொட்டு எண்ணிக்கொள்வேன். விளக்கு அணைந்தால் கண்ணுக்கு வேலையில்லை, கைக்குத்தான் வேலை. திரைக்குப் பின்னால் அந்த ஜன்னல் நிஜமாகவே இருக்கிறதா, மெத்தையும் மூட்டையும் அடைத்திருக்கிறதா என்று பார்ப்பேன். பக்கத்தில் இருப்பவர்கள் முதலில் திருடன் என்று நினைப்பார்கள். விஷயத்தைச் சொன்னால் அவர்களும் எண்ண ஆரம்பித்துவிடுகிறார்கள்.

இன்னொன்று, பஸ் நம்பர். புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்னால் செல்போனுக்கு வந்துவிடும். முன்பெல்லாம் என்.எல். என்று ஆரம்பிக்கும் நம்பர்கள் நிறைய வரும். என்.எல். என்றால் நாகாலாந்து. கோஹிமா எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாத பஸ்கள்! வரி குறைவு என்று அங்கே போய்ப் பேர் பதிந்துகொண்டவை. 2024 ஜூனில் தமிழக அரசு, இங்கே ஓடுவதென்றால் இங்கே பதிவு செய்துகொள் என்று கண்டிப்புக் காட்டியது. எந்த மாநில நம்பராக இருந்தாலும் சரி, மத்திய அரசின் 'எம்பரிவாகன்' ஆப்பில் அதைப் போட்டால் எஃப்.சி. எதுவரைக்கும், இன்ஷூரன்ஸ் எதுவரைக்கும் என்று காட்டும். சுத்தியல் எங்கே என்று காட்டாது. இருந்தாலும் பெண் பார்க்கிற சம்பிரதாயமாவது நடந்ததா என்று தெரிந்துகொள்ளலாமே.

ஒருமுறை அப்படிப் போட்டுப் பார்த்ததில், நான் போகவேண்டிய பஸ்ஸின் எஃப்.சி. முடிந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. பஸ் ஆபீஸுக்குப் போன் செய்தேன்.

"அடுத்த வாரம் போகுது சார். பெயின்ட் அடிக்க டைம் கிடைக்கலை."

"பெயின்ட் இருக்கட்டும். பிரேக்?"

"அதெல்லாம் சூப்பரா இருக்கும் சார். நம்பி வாங்க."

டிக்கெட்டை ரத்து செய்யப் போனேன். பாதிப் பணம் பிடித்துக்கொள்வோம் என்றது ஆப். சரி என்றேன். காரணம் சொல்லு என்றது. திட்டம் மாறிவிட்டது, வேறு பஸ் கிடைத்துவிட்டது, தேதி தப்பு, உடம்பு சரியில்லை என்று ஒரு பட்டியல் நீட்டியது. மேலிருந்து கீழே இரண்டு தரம் தேடினேன். என் காரணம் இல்லை. கடைசியில் 'இதர காரணங்கள்' என்று ஒன்று இருந்தது. அதை அழுத்தினேன்.